பாவம் கேட்ட பலகை

“இந்தக் கிட்டாரை யாரும் வாசிக்கக் கூடாது. அதுக்குத்தான் வாங்கறேன்” என்றார் மதலைமுத்து.

பெலிக்ஸ் உளியைக் கீழே வைத்தான். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மரப்பட்டறை வைத்திருப்பவன் அவன். கட்டிலை வாங்கிக்கொண்டு படுக்கவே மாட்டேன் என்று சொன்ன ஆளை இதுவரை பார்த்ததில்லை. சவப்பெட்டி வாங்கியவர்கள்கூட அப்படிச் சொன்னதில்லை.

“வாசிக்காம இன்னா பண்ணுவீங்கண்ணே?”

“பரண் மேல போடுவேன். என் பரண், என் கிட்டாரு. உனக்கின்னா டென்ஷன்?”

டென்ஷன் எல்லாம் மதலைமுத்துவுக்குத்தான். காரணம், கிட்டாரின் மரம்.

அவருடைய ஊர் மாதா கோயிலில் ஒரு பழைய பாவசங்கீர்த்தனக் கூண்டு இருந்தது. சாமியார் உள்ளே உட்கார்ந்திருப்பார். சனங்கள் வெளியே முட்டிபோட்டு, செய்த பாவங்களைச் சல்லடை ஜன்னல் வழியாகச் சொல்வார்கள். கரையான் அரிக்கத் தொடங்கியதும் கூண்டைக் கழித்துவிட்டார்கள். கரையான் தொடாத பலாப்பலகைகளை பெலிக்ஸ் வாங்கிவந்து, ஆசை ஆசையாக இழைத்துக் கிட்டார் செய்தான்.

செய்ததோடு விட்டிருக்கலாம். ‘காலமெல்லாம் பாவம் கேட்ட மரம், தட்டினா உள்ள இருக்கறதெல்லாம் வெளிய வரும்’ என்று வியாபாரத்துக்காக ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டான். அந்த வார்த்தை அன்றைக்கே பஸ் ஏறி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரில் பாதிப் பேருக்குச் சோறு இறங்கவில்லை. மதலைமுத்துவுக்குத் தூக்கமும் போயிற்று.

அவர் கொல்லைக்குப் பக்கத்துக் கொல்லை, மனைவியின் தம்பி ஸ்டீபனுடையது. டிராக்டர் விட்டு உழும்போதெல்லாம் வரப்பைக் கொஞ்சம் மச்சான் பக்கம் தள்ளிவிடுவார். ஈஸ்டருக்கு முன்னால் கூண்டில் முட்டிபோட்டு அதைச் சொல்லி அழுவார். மன்னிப்புக் கிடைத்த தெம்பில் அடுத்த உழவுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளுவார். இப்போது அவர் பக்கம் இரண்டு சால் மல்லாட்டை கூடுதலாக விளைகிறது.

அந்தக் கூண்டில் உட்கார்ந்து பாவம் கேட்ட, காலஞ்சென்ற அருளப்ப சாமி தங்கமான மனிதர். எந்தப் பாவத்துக்கும் கோபித்ததில்லை, ஒரு கேள்வி கேட்டதில்லை. வரப்புக்கும் சரி, வாய்ச்சண்டைக்கும் சரி, மூன்று முறை ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம்தான் தண்டனை. கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று சாமியாருக்குச் சட்டம் உண்டு. பலகைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

“பாருங்கண்ணே” என்று பெலிக்ஸ் கிட்டாரைத் திருப்பிக் காட்டினான். “இங்க வட்டமா ஒரு எண்ணெய்க் கறை. எவ்ளோ இழைச்சும் போவல. டிசைன் மாதிரி இருக்கட்டும்னு நடுவுல வச்சிட்டேன்.”

“கறை கெடக்குது. சாக்குல சுத்து.”

“சுத்தறேன். ஆனா ஒரு வாட்டி வாசிச்சுக் காட்டாம குடுக்க மாட்டேன். கதவுன்னா தொறந்து மூடிக் காட்டறேன். கட்டில்னா படுத்துக் காட்டறேன்.”

“சவப்பெட்டின்னா இன்னா பண்ணுவ?”

“அதுலயும் படுத்துத்தான் காட்டறேன்.”

“சரி, சீக்கிரம் வாசிச்சுத் தொலை.”

“எனக்கு செய்யத்தான் தெரியும். வாசிக்கறதுக்கு ஆளு வருது.”

வாசலில் பைக் வந்து நின்றது. இறங்கியவனைப் பார்த்ததும் மதலைமுத்து கிட்டாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கோயில் பாட்டுக்குழுவில் கிட்டார் வாசிப்பவன். வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரன். சாட்சாத் ஸ்டீபன்.

“இன்னா மாமா, கிட்டாரு வாங்கறீங்களாமே? அக்காவுக்குப் பாடிக் காட்டப் போறீங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் வேணாம் மச்சான். எனக்கு மயக்கமா இருக்குது. வூட்டுல வுட்டுடு, வா” என்று மதலைமுத்து பத்து விரலாலும் கம்பிகளைப் பொத்திப் பிடித்தார்.

“ஒரே ஒரு தட்டு மாமா.” ஸ்டீபன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தான்.

மதலைமுத்து சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை இறுக மூடினார். ஸ்டீபன் தட்டினான்.

“கொர்ர்ர்ர்...” என்றது கிட்டார். கொஞ்சம் நிதானித்து, “புஸ்ஸ்ஸ்” என்றது.

ஸ்டீபன் சுருதி கூட்டி மறுபடி தட்டினான். கொர்ர்ர்ர். புஸ்ஸ்ஸ்.

பெலிக்ஸுக்கு முகம் விழுந்துவிட்டது. “உள்ள எதுவும் லூசா இல்லியே!”

ஸ்டீபன் கிட்டாரைத் திருப்பினான். எண்ணெய்க் கறையை முகர்ந்து பார்த்தான். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான்.

“டேய் பெலிக்ஸு, இது சனங்க பக்கத்துப் பலகை இல்லடா. அருளப்ப சாமி சாஞ்சிருந்த பலகை! அவரு தலையெண்ணெய்டா இது. மத்தியானத்துல சாமியாரு பங்களா பக்கம் போனா இதே சத்தந்தான் கேக்கும்.”

“அப்ப சாமி கூண்டுக்குள்ள தூங்கிட்டா இருந்தாரு?”

“பின்ன? கேட்டதைத்தானடா பலகை சொல்லும்.”

மதலைமுத்து ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு இன்னொன்றையும் திறந்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பட்டறைக் கூரை மேலிருந்த குரங்குகள் செஞ்சிக் கோட்டையைப் பார்த்து ஓடின.

“கிட்டாரை நீயே எடுத்துக்கோ மச்சான், என் செலவு! கோயில்ல நல்லா சத்தமா வாசி!” என்று ஸ்டீபனைக் கட்டிக்கொண்டார். “அட, என் அருளப்ப சாமி! அப்ப அந்த வரப்பு சமாச்சாரம் ஒருத்தருக்கும் தெரியாது!”

ஸ்டீபன் கம்பிகளின் மேல் கையை வைத்தான். கிட்டாரின் குறட்டை நின்றது.

“எந்த வரப்பு மாமா?”