மருதையன் எங்கே?

"மருதையனைக் காணோம்" என்று மிராசுதார் சாரங்கபாணி வாய் தவறிச் சொன்னதுதான் தாமதம், கும்பகோணத்துக்கு மேற்கே இருந்த அந்தச் சின்ன ஊருக்குப் புது உயிர் வந்துவிட்டது. பின்னே, நடவும் முடிந்து மழையும் இல்லாத நாளில் மனிதர்கள் எதைத்தான் பேசுவார்கள்?

நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்த புதிது. அளவுக்கு மேல் இருக்கும் நிலம் அரசாங்கத்துக்குப் போய்விடுமே என்று மிராசுதார்கள் கிடைத்த பேரிலெல்லாம் எழுதிவைத்துக்கொண்டிருந்தார்கள். சாரங்கபாணியும் வாய்க்கால் தலைப்பில் ஒரு வேலி நஞ்சையை, பண்ணையாள் என்று போட்டு மருதையன் பேருக்கு எழுதிவைத்திருந்தார்.

விசாரணைக்கு வந்த தாசில்தார், "எங்கே, அந்த மருதையனைக் கூப்பிடுங்க, பார்ப்போம்" என்றார். "கொஞ்ச நாளா அவனைக் காணோமே சார்" என்றார் மிராசுதார். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. அதைத் தலையாரி பார்த்துத் தொலைத்தான்.

சாயங்காலத்துக்குள் ராசம்மாள் டீக்கடையில் கொலையே நடந்து முடிந்துவிட்டது.

"நெலத்தைத் திருப்பிக் கேட்டிருப்பாரு. அவன் மாட்டேன்னுருப்பான். ஆளையே தீர்த்துட்டாரு" என்றான் வைரக்கண்ணு.

"பாவம், தங்கமான மனுசன். காதுல கடுக்கனோட இந்தப் பெஞ்சுலதான் உக்காந்து டீ குடிப்பாரு" என்று ராசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"லேசாக் காலைச் சாய்ச்சு நடப்பானே, அவன்தானே?" என்றார் ஒருவர்.

"அவனேதான். தோள்ல எப்பவும் செவப்புத் துண்டு. சங்கத்துல சேந்தான்யா, அதான் வெனை" என்றார் இன்னொருவர்.

பிணமும் ஓர் இடத்தில் இருக்கவில்லை. வைக்கோல் போருக்கு அடியில் என்றார்கள், பிறகு அரசலாற்று மணலில் என்றார்கள். மிராசுதார் தோட்டத்தில் ஒரு தென்னங்கன்று மட்டும் ஏன் அப்படிச் செழிக்கிறது என்று யாரோ கேட்டதும் கடையே "அதானே!" என்றது. மறுநாள் போலீஸ் வந்து தென்னங்கன்றைப் பிடுங்கிப் பார்த்தது. மண்புழு இருந்தது.

சாரங்கபாணிக்குச் சோறு இறங்கவில்லை. மருதையன் விஷயத்தில் நடந்தது என்ன என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சொன்னால் நிலம் போய்விடும். சொல்லாவிட்டால் தூக்குக் கயிறு. உயிரா, நஞ்சையா? முப்போகம் விளைகிற நஞ்சை. அவரால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

கடைசியில் இன்ஸ்பெக்டர் அவர் வீட்டு வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் ஊரே கூடி நின்றது.

"கடைசியாக் கேக்கிறேன். மருதையனை என்ன செஞ்சீங்க?"

போகட்டும், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மிராசுதார் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் முன்னால் வந்தான். காதில் கடுக்கன், தோளில் சிவப்புத் துண்டு, இடது காலைச் சாய்த்து நடை.

"கும்பிடறேன் சாமி. நான்தாங்க மருதையன். மன்னார்குடிப் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தேன். அதுக்குள்ள இம்புட்டு அமர்க்களமா?"

"மருதையா!" என்று ராசம்மாள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "எளைச்சுட்டியேடா" என்று வைரக்கண்ணு அவன் முதுகைத் தடவிக் கொடுத்தான். ஊரில் கண் கலங்காதவர் இல்லை.

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த விலங்கை ஆட்டியபடியே, "சரியாப் பாத்துச் சொல்லுங்க. இவன்தானே உங்க மருதையன்?" என்று கேட்டார்.

சாரங்கபாணி வந்தவனைப் பார்த்தார். விலங்கைப் பார்த்தார்.

"அவனேதான்" என்று முனகினார்.

"நல்லதாப் போச்சு. உயிரும் தப்பிச்சது, கேசும் முடிஞ்சது. போப்பா, போய் உன் நெலத்தைப் பாரு."

"ஆகட்டுங்க" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அவன் வாய்க்கால் தலைப்பை நோக்கி நடந்தான், இந்தத் தடவை வலது காலைச் சாய்த்து.

மிராசுதார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மருதையன் என்பது சட்டத்துக்குக் காட்ட ஒரு பேர் வேண்டுமே என்று ஒரு மத்தியானம் வெற்றிலை மென்றுகொண்டே அவர் நினைத்துப் போட்ட பேர், அப்படி ஓர் ஆள் அந்த ஊரில் பிறந்ததே இல்லை.