கல்லறையில் ஒரு கழித்தல் குறி

அப்பாவின் கல்லறைக் கல்லைப் பார்த்ததும் எபனேசர் குனிந்து, வெட்டியிருந்ததை மறுபடி படித்தார். இயற்பியல் பேராசிரியரான அப்பா ஆயுள் முழுக்க ஒன்றுக்காகத்தான் வாதாடினார்: வெற்றிடத்தின் ஆற்றல் அடர்த்தியும், அண்டத்தை விரியவைக்கும் அண்டவியல் மாறிலியும் ஒன்றே. ஈர்ப்புச் சமன்பாட்டின் இடப்பக்கம் இருந்தால் அது மாறிலி. கழித்தல் குறியோடு வலப்பக்கம் போனால் அடர்த்தி. அந்தக் கழித்தல் குறியோடுதான் சமன்பாட்டைத் தன் கல்லில் வெட்டச் சொல்லிவிட்டுச் செத்தார். கல்லிலோ கழித்தல் குறி கூட்டல் ஆகியிருந்தது.

“என்னய்யா இது, தங்கமுத்து?”

“சிலுவை பாதியில நின்னுட்டு சார். அது இல்லாம நம்ம ஆளுக கல்லா? நான்தான் முழுசாக்கி வெச்சேன்,” என்றார் கல் வெட்டுகிறவர்.

“அந்த ஒத்தக் கோட்டால அண்டமே ஒருநாள் சுருங்கிரும்யா.”

“சுருங்கட்டும் சார். மோட்சம் இருக்குல்லா.”

எபனேசர் பல்லைக் கடித்துக்கொண்டு, செங்குத்துக் கோட்டை அடைப்பதற்காகச் சிமென்டைக் குழைத்தார். அதற்குள் நினைவு ஜெபத்துக்குச் சபையார் வந்துவிட்டார்கள். எபனேசரின் வீட்டை மூன்று தலைமுறையாக ஊரார், வேதம் போதித்த உபதேசியார் வீடு என்றே சொன்னார்கள். தகப்பன் கல்லில் மகனே சிலுவையை அழித்தான் என்ற பேர் அந்த வீட்டுக்கு வரலாமா?

கண் தெரியாத ரூபி அத்தை கல்லைத் தடவிக்கொண்டே வந்தாள். அந்தக் குறியில் அவள் விரல் நின்றது.

“அண்ணன் சாகுற வரைக்கும் கோயில் பக்கம் வரவே இல்ல. இப்பத்தான் எனக்கு நெஞ்சு ஆறுது, மக்கா.”

எபனேசரின் உள்ளங்கையில் சிமென்ட் இறுகிக்கொண்டிருந்தது.