குறையாத எடை

எடை மெஷினின் மேல், எல்லோரும் உருண்டை என்று கூப்பிடும் பையன் நின்றான், செருப்பையும் சட்டையையும் கழற்றிவிட்டு, கைக்கடிகாரத்தைக்கூட அவிழ்த்து ஜன்னலில் வைத்துவிட்டு. எதிரே, டம்பெல் அடுக்கை ஒட்டிப் போட்ட ஸ்டூலில் பயிற்சி மாஸ்டர். படுத்துப் பளு தூக்கும் பெஞ்சின் நுனியில், தோள் பையை இறக்காமலே அக்கா. வாசலோரம், மின்விசிறிக்கு நேர் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா.

அம்மாவின் மடியில் மகனுக்கான சாப்பாட்டுப் பை. வீங்கிய பாதங்கள் செருப்புக்குள் அடங்காமல் பிதுங்கியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, ஏதோ வேண்டிக்கொண்டிருந்தாள்.

முள் ஆடி நின்றது. குனிந்து பார்த்த மாஸ்டருக்கு நிமிர மனம் வரவில்லை.

"எவ்வளவு?" என்றாள் அக்கா.

"போன மாசம் இருந்த அதே எடைதான்."

அம்மா கண்ணைத் திறந்து நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

அவளுக்குக் கல்லீரல் கெட்டுப்போயிருந்தது. பிள்ளைகளில் ஒருவரிடமிருந்து ஒரு துண்டு எடுத்து வைத்தால் பிழைப்பாள். அக்காவின் ரத்தம் சேரவில்லை. உருண்டையுடையது சேர்ந்தது, ஆனால் அவன் கல்லீரலில் கொழுப்பு அப்பிக் கிடந்தது. "பத்து கிலோ இறக்கிட்டு வாப்பா, எடுத்துக்கறோம்" என்று டாக்டர் சொல்லி அனுப்ப, இந்த உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்து சேர்ந்தான். இன்றைக்கும் இறங்கவில்லையென்றால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டியதுதான். அதற்குமேல் அம்மாவின் உடம்பு கத்தியைத் தாங்காது.

"எங்கடா தின்னே?" அக்கா எழுந்து வந்தாள். "பேக்கரியிலயா, ஆபீஸ் கேன்டீன்லயா? சொல்லித் தொலை."

"சத்தியமா இல்லக்கா. அம்மா குடுக்கறதைத் தவிர வேற எதையும் தொடல."

"காத்தைக் குடிச்சா தொப்பை இப்படி நிக்குது? அம்மாவை விட உனக்கு நாக்கு பெருசாப் போச்சு, இல்ல?"

உருண்டை மெஷினை விட்டு இறங்காமலே அழுதான். அத்தனை பெரிய உடம்பு குலுங்கியதில் முள் மேலும் கீழும் தவித்தது.

"விடுடி அவனை," என்றாள் அம்மா. "எல்லார் உடம்பும் ஒண்ணு போலவா இருக்கு?"

மாஸ்டருக்கும் கணக்கு உதைத்தது. பையன் ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை. 'இன்னும் வேகமா ஓடினா அம்மாவுக்குச் சீக்கிரம் குடுத்துடலாமா மாஸ்டர்?' என்று கேட்டு, ஓய்வு நாளிலும் வந்து நின்றவனை, 'தூங்கினாத்தான்டா உடம்பு தேறும், போ' என்று அவர்தான் விரட்டியிருக்கிறார். மூச்சிரைப்பு நின்றுவிட்டது, தொடை இறுகிவிட்டது. வயிறு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த வாரத்தில் மட்டும் எடை மளமளவென்று இறங்கியது. கவலையில் இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பிறகு பழையபடி ஏறிக்கொண்டது.

சாப்பாட்டிலும் குறை சொல்ல வழியில்லை. வேகவைத்த காய், முட்டை வெள்ளைக்கரு, சூப் என்று அவர் சொன்னதையெல்லாம் அம்மாவே செய்து எடுத்து வந்தாள். நிற்க முடியாத நாளிலும் அடுப்பெதிரே உட்கார்ந்தபடி சமைத்தாளாம். 'எனக்காக உடம்பை உருக்கறான், இதுகூடச் செய்ய மாட்டேனா?' என்பாள்.

ஆக, பையன் வெளியில் தின்கிறான். மாஸ்டர் அந்த முடிவுக்குத்தான் வந்தார்.

டாக்டர் கேட்டிருந்தபடி கடிதம் எழுத உட்கார்ந்தார். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் பழக்கம். எடை, இடுப்பளவு, செய்த பயிற்சிகள் எல்லாம் முடிந்து, "உணவுக் கட்டுப்பாட்டை இவர் சரியாக..." என்று தொடங்கினார்.

"அதை எழுதாதீங்க மாஸ்டர்," என்றாள் அம்மா. "எடை இறங்கலைன்னு மட்டும் போடுங்க. பிள்ளை பேரு கெட வேணாம்."

"டாக்டர்கிட்ட இன்னும் கொஞ்ச நாள் டைம் குடுங்கன்னு கேட்டுப் பாக்கட்டுமாம்மா?"

"வேணாம். ஒட்டிடுங்க."

மாஸ்டர் பேனாவை மறுபடி எடுத்தார். சொன்னபடியே எழுதி, மடித்து, உறையை ஒட்டி அக்காவிடம் நீட்டினார். அவள் தம்பியின் பக்கம் திரும்பாமலே வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். உருண்டை முகம் கழுவ உள்ளே போனான். குழாயைத் திறந்துவிட்டு அதன் சத்தத்துக்குள் அவன் அழுவது வெளியில் கேட்டது.

"பெத்த தாய்க்காக நாலு மாசம் வாயைக் கட்ட முடியலையே இவனால," என்றார் மாஸ்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆயுசு பூரா இதை நினைச்சே வெந்து சாகப்போறான்மா."

அம்மா அக்காவின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரைக் கிட்டே வரச்சொல்லி, குழாய்ச் சத்தத்துக்கு மேல் எழாத குரலில் சொன்னாள்.

"நான் போனப்புறம் நீங்கதான் அவன்கிட்ட எடுத்துச் சொல்லணும் மாஸ்டர்... பிள்ளை வயித்துல கத்தி படக் கூடாதுன்னு, தினமும் அவன் சூப்புல வெண்ணெயைக் கரைச்சது நான்தான்னு."