குப்பியின் மயில்கழுத்து நிறம்

சரக், சரக் என்ற சத்தத்தில்தான், மண்ணிலிருந்து தோண்டியெடுத்த கண்ணாடிக் குப்பி விழித்தது. பக்கத்துப் பானையைத் துடைத்துக்கொண்டிருந்தது ஒரு பிரஷ்.

"தம்பி, என்னையும் அழுத்தித் தேயேன். மேலெல்லாம் மயில்கழுத்து நிறத்தில் அழுக்கு. பழையபடி பளிங்கு மாதிரி ஆகணும்."

"இந்த வயசுல பொண்ணு பார்க்க வர்றாங்களாக்கும்!" என்றது பானை.

பிரஷ் ஒரு இழுப்பு இழுத்தது. மினுங்கிக்கொண்டே ஒரு செதில் உதிர்ந்தது. அடியிலும் அதே நிறம்.

"இன்னும் தேய்!"

"வேண்டாங்கக்கா. இது அழுக்கில்ல, ஈரம் அரிச்ச உங்க உடம்பு. தேய்க்கத் தேய்க்க நீங்கதான் குறைவீங்க."

குப்பி உதிர்ந்த செதிலையே வெகுநேரம் பார்த்தது.

"அப்பல்லாம் எனக்குள்ள தைலம் இருக்கும்டா. வெயில் பட்டா, அந்தப் பொன்னிறம் என்னைத் தாண்டிப்போய்ச் சுவரில் ஆடும்."

"சொல்லுங்கக்கா, கேக்குறேன்" என்ற பிரஷ், பானையின் கழுத்து மண்ணைத் துடைக்கத் தொடங்கியது.