அண்ணனின் சிவப்பு

பல் துலக்கினான். பாலைக் காய்ச்சினான். காபி குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

பிறகு மனைவி வடிவின் பழைய டைரி. அவள் போனதிலிருந்து காலையில் ஒரு பக்கம். அதற்கு மேல் முடிவதில்லை.

இன்றைய பக்கம் மார்கழி.

"கல்யாணம் இல்லாத மாதத்தில்தான் திருநெல்வேலியில் ஓவியத்துக்கு இடம். மண்டபம் சும்மா கிடக்கிறது. மாலை தொங்கும் கொக்கிகளில் படங்களை மாட்டினோம். பந்தி மேஜையில் டீ. இசக்கிராஜ் தன் படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டான். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். காலையில் அண்ணன் வந்து கண் திறந்தார்."

அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

அண்ணன் என்றால் ஆவுடையப்பன். ஓவியர் குழுவைத் தொடங்கியவர். கண்காட்சி அன்று காலை சிவப்பு வண்ணத்தோடு வருவார். ஒவ்வொருவர் படத்திலும் தன் கையால் ஏதாவது வைப்பார். ஒரு கோடு. ஒரு பொட்டு. கோயில் சிலைக்குக் கண் திறப்பதைப் போல என்பார்.

வரைந்தவர்கள் கைகட்டி நிற்பார்கள்.

வடிவின் படத்தில் பீடி சுற்றும் பெண்கள். மடியில் முறம். பின்னால் வெறும் சுண்ணாம்புச் சுவர். அந்தச் சுவருக்காக அவள் ஒரு மாதம் உட்கார்ந்திருந்தாள்.

அதில் அவர் ஒரு சிவப்புச் சூரியனை வைத்தார்.

அன்று அவள் சாப்பிடவில்லை. டைரியில் அது இல்லை. அவனுக்குத் தெரியும்.

இப்போது ஆவுடையப்பன் அந்தக் குழுவைப் பற்றிப் புத்தகம் போடுகிறார். அட்டையில் வடிவின் படம். கீழே 'ஆவுடையப்பன் கண் திறந்தது' என்று வரும். இரங்கல் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டார். கை தட்டினார்கள்.

இன்று அந்தப் படத்தைப் புகைப்படம் எடுக்க வருகிறார்.

படத்தைக் கழற்றி மேஜையில் கிடத்தினான். வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் புட்டி. பஞ்சு.

மண்டபத்துக்குக் கொண்டுபோகும் முன்பே அவள் அதற்கு வார்னிஷ் அடித்திருந்தாள். சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன்தான். இப்போதே எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்தாள்.

சூரியன் வார்னிஷுக்கு மேலே இருந்தது. அடியில் அவள் வரைந்ததைத் தொடவில்லை.

துடைத்தான்.

பஞ்சு சிவந்தது. இன்னொன்று எடுத்தான். அவசரப்படவில்லை. இவ்வளவு நிதானமாக எதையும் செய்து வெகுநாள் ஆகிவிட்டது.

சுவர் வந்தது. வெள்ளையாக.

சிவந்த பஞ்சுகளை ஒரு தட்டில் வைத்தான்.

ஆவுடையப்பன் புகைப்படக்காரரோடு உள்ளே வந்தார்.

"என்ன மாப்ளே, இப்படி மெலிஞ்சு போயிட்டீரு."

படத்தைப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார்.

"எங்கவே என் சூரியன்?"

தட்டை அவர் பக்கம் நகர்த்தினான்.

"இந்தா இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

புகைப்படக்காரர் கேமராவை மெல்ல உறைக்குள் போட்டார்.

ஆவுடையப்பன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"வடிவு இருந்தா இதுக்கு விட்டிருப்பாளாவே? எம்மேல உசுரா இருந்த பிள்ள. கடைசியா என்னயப் பத்தி ஒண்ணுமே சொல்லலியா?"

சொன்னாள்.

ஆஸ்பத்திரியில், கடைசிச் சாயங்காலம். ஆவுடையப்பன் பார்க்க வருவதாகப் போன் வந்தது. அவள் போர்வையை இழுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

அவள் சொன்னதை, அவர் முகத்தைப் பார்த்து, ஒரு சொல் மாறாமல் சொன்னான்.

"அந்தாளு வந்தா நான் தூங்கிட்டேன்னு சொல்லிருங்க."