ஆள் இழுக்காதீர்!

பம்ப், மோட்டார் செய்யும் பட்டறை முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து கூட்டமைப்பு தொடங்கினார்கள். பொதுவாக ஒரு பயிற்சிக்கூடம் நடத்துவது, ஒருவர் ஆளை இன்னொருவர் இழுக்கக் கூடாது என்று பேச்சு.

"என் பட்டறையிலேர்ந்து ஒரு ஆளை அசைச்சுப் பாருங்க!" என்று மார்தட்டினார் மோட்டார் முதலாளி.

கூட்டத்துக்கு இடம் கொடுத்திருந்த பட்டறைக்காரர் நெளிந்தார்.

"காலையிலதான் ஒரு சூப்பர்வைசரம்மாவைச் சேர்த்தேன். லேத்துலேர்ந்து லோடு அனுப்புற வரைக்கும் அத்துப்படி. பழைய இடத்துல பல வருஷமா சம்பளமே தரலையாம்!"

"எவன்யா அந்த மகா கஞ்சன்?" மோட்டார் முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். "கூப்பிடுங்க, கேட்டுடுவோம்!"

புதுச் சீருடையில் வந்து நின்றவளைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறியது.

"அடியே, நீயா!"

"ஷிஃப்ட் முடிய ஏழு ஆகுங்க. வீட்டுக்குப் போனதும் உலையை வச்சிடுங்க" என்றாள் அவர் மனைவி.