ஐந்தாவது விளக்கு

"தோட்டத்துல முட்டி உயரத்துக்கு விளக்கு போடுங்க, படியே தெரியல" என்று மனைவி மூன்று வருடம் கேட்டாள். "முதல்ல உன் கண்ணாடிய மாத்து" என்று கிண்டலடித்தேன். ஒரு மாலை ஆறே முக்காலுக்குக் கொடியில் துணி எடுக்கப் போனவள், படியில் தவறி விழுந்து செத்துப்போனாள்.

அதன் பிறகுதான் கடை கடையாக ஏறி, முட்டி உயரத்தில் ஏழு விளக்குகள் வாங்கினேன்.

"ஆள் நடந்தா தானா எரியும் சார்" என்றார் எலக்ட்ரீஷியன்.

நான் நடந்தால் ஏழும் எரிகின்றன. தினமும் ஆறே முக்காலுக்கு, ஆளில்லாத பாதையில் ஒவ்வொன்றாக நான்கு மட்டும் எரியும். ஐந்தாவதற்கு முன்னால்தான் அந்தப் படி.

எலக்ட்ரீஷியன் இரண்டு முறை கழற்றிப் பார்த்தார். "ஒரு கோளாறும் இல்ல சார்."

நேற்று நான்காவது எரிந்ததும், வராந்தா நாற்காலியில் இருந்தபடியே "படி இருக்கு, பாத்துப் போ" என்றேன். அவள் விழுந்த அன்றும் இதே நாற்காலியில்தான் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாவது எரிந்தது. பிறகு ஆறு, ஏழு.